நடுத்தர மீன்பிடிப் படகுக்கு எந்த எஞ்சின்? கேள்வி பதில்

வளைகுடாவில் படகு எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து சிலர் கூட்டாகச் சேர்ந்து சென்னை, புதுச்சேரிக் கரையில் படகு வாங்கி நிறுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. 25 முதல் 40 அடி வரையுள்ள, தூண்டிலில் மீன் பிடிக்கும் படகுகளைப் பற்றிக் கேளுங்கள். இழுவலைப் படகு என் துறை இல்லை.

பர்கூர்: அண்ணா, நாலு பேர் சேர்ந்து 28 அடி ஃபைபர் படகு பார்த்திருக்கிறோம். ஆள், பெட்ரோல், ஐஸ் எல்லாம் சேர்த்து 3,500 கிலோ வரும். எத்தனை ஹெச்பி வேண்டும்? அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே தொங்கும் எஞ்சின்) ஒன்றா, இரண்டா?

எடையோடு கேட்டதற்கு நன்றி தம்பி. எடை தெரியாமல் ஹெச்பி பேசவே முடியாது. தண்ணீர்மேல் எழும்பி ஓடும் படகுக்கு ஒரு ஹெச்பிக்கு 10 முதல் 12 கிலோ என்பது நல்ல கணக்கு. உங்களுக்கு 300 முதல் 350 ஹெச்பி. படகு கட்டியவர் குறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

300 ஹெச்பி ஒன்று போட்டால் எடை குறைவு, தண்ணீருக்குள் இழுவை குறைவு, சர்வீஸ் செலவும் பாதி. 150 ஹெச்பி இரண்டு போட்டால் அமரத்தில் (படகின் பின்முனையில்) 150 கிலோவுக்கு மேல் கூடுதலாக உட்காரும். ஆனாலும் கரை கண்ணுக்கு மறையும் தூரம் போவதாக இருந்தால் நான் இரண்டுதான் சொல்வேன். ஒன்று நின்றால் மற்றது படகை எழும்ப வைக்காது, ஆனால் 6, 7 நாட் (மணிக்கு 11 முதல் 13 கி.மீ.) வேகத்தில் கரை சேர்த்துவிடும். அப்போது நின்ற எஞ்சினைத் தூக்கிவிடுங்கள். ஓடுகிற எஞ்சினை முறுக்காதீர்கள், இரண்டு பேர் சுமையை அது ஒற்றை ஆளாகச் சுமக்கிறது.

இரண்டும் ஒரே டேங்கில் ஒரே ஃபில்டர் வழியாகக் குடித்தால் இரட்டை எஞ்சினுக்கு அர்த்தமே இல்லை. தண்ணீர் கலந்த பெட்ரோல் இரண்டையும் சேர்த்தே நிறுத்தும். ஃபில்டர் தனி, பேட்டரி தனி, முடிந்தால் டேங்கும் தனி.

ஊத்தங்கரை: பங்கில் போடுகிற பெட்ரோலே போதுமா, சார்?

இதைக் கேட்காமல் எஞ்சின் வாங்குகிறவர்கள்தான் அதிகம். அவுட்போர்டு கம்பெனிகள் பொதுவாக 10 சதவீத எத்தனால் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. நம் பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் நீண்ட நாள் டேங்க் பாதி காலியாகக் கிடந்தால், ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். எரிபொருள் உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான்.

எந்த எரிபொருளுக்கு வாரண்டி உண்டு என்று டீலரிடம் எழுதி வாங்குங்கள். 10 மைக்ரான் நீர் பிரிப்பு ஃபில்டர் கட்டாயம் மாட்டுங்கள். பழைய படகென்றால் எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய்களாக மாற்றுங்கள். பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

பென்னாகரம்: ஒகேனக்கல் பரிசலில் சின்ன மோட்டார் பூட்டலாமா?

வேண்டாம். பரிசலுக்கு அணியமும் (முன்முனையும்) இல்லை, அமரமும் இல்லை. ஓரத்தில் தள்ளினால் சுற்றும். பாறைக்குள் புரொப்பல்லர் ஒரு நாள் தாங்காது. நாகமரைப் பக்கம் மேட்டூர் அணை நீர் பரந்து நிற்கும் இடத்தில் ஓட்டத் தட்டையடிப் படகு தேவை. அதற்கு நீர்வளத் துறையிடம் அனுமதி கேட்டுவிட்டு வாருங்கள்.

ஓசூர்: அண்ணா, நான் லாரி எஞ்சின் வேலையில் இருக்கிறேன். 34 அடிப் படகுக்குப் பெட்ரோல் அவுட்போர்டு எதற்கு? நல்ல ஆறு சிலிண்டர் லாரி டீசலைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றிப் போட்டால் பாதி விலையில் முடியாதா?

டீசல் பக்கம் நீங்கள் சாய்வது சரி. ஒரு ஹெச்பிக்கு மணிக்குப் பெட்ரோல் சுமார் 0.3 லிட்டர், டீசல் சுமார் 0.2 லிட்டர். எத்தனால் தொல்லையும் இல்லை, தீப்பிடிக்கும் பயமும் குறைவு. 34 அடிக்கு மேல் எனக்கும் இன்போர்டு (படகுக்குள் இருக்கும்) டீசல்தான் பிடிக்கும். அமரத்தில் எஞ்சின் தொங்காததால் மயில்மீன் படகைச் சுற்றி ஓடும்போது தூண்டில் நரம்பு சிக்காது.

ஆனால் லாரி எஞ்சின் வேறு பிழைப்புக்குப் பிறந்தது. மேட்டில் முக்கும், சமத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் ஓய்வெடுக்கும். படகில் இறக்கமே கிடையாது. முழுச் சுமையோடு தொப்பூர் கணவாயை நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருப்பது மாதிரி. புரொப்பல்லர் கேட்கும் சக்தி சுழற்சியின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு போதும், உச்சத்துக்குப் போனால் ஒரு சொட்டும் மிச்சம் இருக்காது. அதனால்தான் ஒரே எஞ்சினுக்கு, எத்தனை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டலாம் என்பதைப் பொறுத்து வேறு வேறு ஹெச்பி போட்டு விற்கிறார்கள்.

தருமபுரி (லாரி உரிமையாளர்): காசிமேட்டில் போய்ப் பாருங்கள் சார். விசைப்படகில் லேலண்டு எஞ்சின் ஓடவில்லையா?

ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. அசோக் லேலண்டு கடல் எஞ்சினே தனியாகச் செய்கிறது. ஆனால் விசைப்படகு தண்ணீரைக் கிழித்து மெதுவாகப் போவது. அரை டன் கூடினாலும் அதற்குக் கவலை இல்லை. நாம் பேசுவது 25 நாட் வேகத்தில் எழும்பி ஓடவேண்டிய படகு. இங்கே ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் கணக்கு உண்டு.

ஓசூர்: கம்மின்ஸின் 6.7 லிட்டர் கடல் எஞ்சின் லாரியில் வரும் அதே குடும்பம்தானே? பிளாக் ஒன்றுதான். அப்புறம் என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி. பிளாக் ஒன்றுதான், மறுக்கவில்லை. வித்தியாசம் அதன்மேல் பூட்டியிருப்பதில். ரேடியேட்டருக்குப் பதில் கடல்நீரில் குளிரும் வெப்பமாற்றி, கடல்நீர் பம்ப், உப்புக்குத் தாங்கும் ஆஃப்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைப்பது), தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, புகையோடு தண்ணீர் கலக்கும் எல்போ (வளைகுழாய்), படகு சாய்ந்தாலும் எண்ணெய் வறளாத ஆயில் பேன், ரிவர்ஸ் உள்ள மரைன் கியர்பாக்ஸ். இவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக் கூட்டிப் பாருங்கள், உங்கள் பாதி விலை எங்கே போகிறது என்று தெரியும். எல்போவைத் தப்பான உயரத்தில் வைத்தால் கடல்நீர் பின்னோக்கி சிலிண்டருக்குள் இறங்கும். பட்டறையில் இப்படி வந்த எஞ்சின்கள் பல, காப்பாற்ற முடிந்தது சிலதான்.

அரூர்: 30 அடிக்கு எத்தனை ஹெச்பி சரியாக இருக்கும்?

அடியை வைத்துச் சொல்ல முடியாது. எடை சொல்லுங்கள். பர்கூர் தம்பிக்குச் சொன்ன கணக்கே உங்களுக்கும்.

காரிமங்கலம்: என் அவுட்போர்டு 5,000 முதல் 6,000 ஆர்பிஎம் வரை போகலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு பேர், பாதி டேங்கில் முழுக்க முறுக்கினால் 5,200தான் காட்டுகிறது. டீலர் பரவாயில்லை என்கிறார்.

பரவாயில்லை இல்லை. ஆறு பேரும் ஐஸும் ஏறினால் 4,900க்கு வந்துவிடும். டாப் கியரிலேயே மேடு ஏறும் வண்டியின் நிலைமை அது. பிஸ்டனும் பேரிங்கும் அடி வாங்கும். உங்கள் புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதிகம். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். வழக்கமான முழுச் சுமையோடு 5,700, 5,800 வரும்வரை நான்கு, ஐந்து அங்குலம் இறக்குங்கள்.

எல்லோரும் கேளுங்கள்: படகை எடுக்கும் முன் முழுச் சுமையோடு, முழு முறுக்கில் ஓட்டி ஆர்பிஎம்மை எழுதி வையுங்கள். வெறும் படகில் ஓட்டிக் காட்டுவது சோதனையே இல்லை.

கிருஷ்ணகிரி: கேஆர்பி அணையில் ஓட்டிப் பார்த்து அந்தப் பிட்ச்சை முடிவு செய்யலாமா?

அனுமதி கிடைத்தாலும் வேண்டாம். கிருஷ்ணகிரி கடல்மட்டத்துக்கு சுமார் 500 மீட்டர் மேலே. டர்போ இல்லாத எஞ்சின் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். இங்கே பொருத்தமாக வரும் புரொப்பல்லர் கடலில் உச்ச ஆர்பிஎம்மைத் தாண்டி ஓட வைக்கும். கடலில் பாருங்கள். இன்னொன்று, அணையில் வைத்துக்கொள்ளும் படகென்றால் துத்தநாக ஆனோடு (அரிப்பைத் தானே ஏற்று எஞ்சினைக் காக்கும் உலோகத் துண்டு) நன்னீரில் வேலை செய்யாது, மக்னீசியம் போட வேண்டும். அதே மக்னீசியத்தோடு கடலில் இறக்கினால் வேகமாகக் கரைந்துவிடும்.

பாலக்கோடு: ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பல்லர் கால் பின்புறம் வெளியே) வைத்த பழைய படகு மலிவாகக் கிடைக்கிறது.

எப்போதும் கடலில் மிதக்க விடப் போகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள். டிரான்சத்தில் (பின்பலகையில்) இருக்கும் ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு உறை) கிழிந்தால் தண்ணீர் டிரைவுக்குள் போகும், சில சமயம் படகுக்குள்ளும் வரும். ஒவ்வொரு முறையும் கரையேற்றுவதாக இருந்தால் பேசலாம்.

தேன்கனிக்கோட்டை: 40 அடிக்கு வால்வோ பென்டாவின் ஐபிஎஸ் எப்படி?

2005இல் வந்த டிரைவ் முறை, படகின் அடியில் கால் போல இறங்கியிருக்கும். புரொப்பல்லர் முன்னோக்கி இருந்து கலங்காத தண்ணீரில் இழுக்கும். அதே வேகத்துக்கு எரிபொருள் குறைவு, ஜாய்ஸ்டிக்கில் குழந்தைகூடத் துறையில் கட்டிவிடும். ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் கோளாறானால் ஆள் வரவேண்டும். உங்கள் துறைக்கு எத்தனை நாளில் வருவார் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தெரியாவிட்டால் நேர் ஷாஃப்ட் (எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்கு நேராகப் போகும் தண்டு) போதும்.

மத்தூர்: 26 அடிக்கு எத்தனை ஹெச்பி?

எடை. மேலே இரண்டு இடத்தில் சொல்லிவிட்டேன்.

போச்சம்பள்ளி: வஞ்சிரத்துக்கு எந்த ரீல் நல்லது?

ரீல் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் மட்டும்.

ஓசூர்: அண்ணா, விடமாட்டேன். லாரி எஞ்சினே போடுகிறேன் என்று வையுங்கள், கியர் விகிதம் என்ன வைப்பது?

விடாமல் கேட்பது பிடித்திருக்கிறது. எஞ்சின், மரைன் கியர்பாக்ஸ், வெப்பமாற்றி, அடித்தாங்கி எல்லாவற்றையும் தராசில் ஏற்றி, 34 அடிப் படகின் மொத்த எடையைக் கொண்டு வாருங்கள். எடை தெரிந்தால் எட்டும் வேகம் தெரியும், வேகம் தெரிந்தால் ஷாஃப்ட் சுழற்சியும் புரொப்பல்லரின் விட்டமும் வரும், அதிலிருந்துதான் கியர் விகிதம். 2:1ஆ 1.5:1ஆ என்று அன்றைக்குச் சேர்ந்து உட்கார்ந்து போடலாம்.