ஜெபித்து எழுந்ததும் கவலை திரும்ப வந்துவிடுகிறதா? – கேள்வி பதில்

அன்றாடக் கவலைகளைக் கர்த்தரிடம் ஒப்புவிப்பது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை, எதிர்பார்த்ததுதான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யாருக்குமே பெயர் போடவில்லை. நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்ல. பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் எடுத்தும், வீடு வீடாக ஜெபிக்கப் போயும் பழகியவள். அந்த அளவுக்குள்தான் பதில் சொல்கிறேன்.

அக்கா, "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற 1 பேதுரு 5:7 எனக்கு மனப்பாடம். ஆனால் முழங்காலில் நின்று ஒப்புவித்துவிட்டு அடுப்படிக்குப் போவதற்குள் அதே கவலை திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்தான் பிரச்சினை. எனக்கு விசுவாசம் போதவில்லையா?

விசுவாசம் போதவில்லை என்று உங்களிடம் சொன்னவர் யார் என்று தெரிந்தால் அவரிடம் நான் கொஞ்சம் பேச வேண்டும். "ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல்தான், எல்லாச் சபைகளைக் குறித்த கவலையும் தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று கொரிந்தியருக்கு எழுதினார். பிலிப்பியர் நிருபத்திலேயே இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து சாகும் அளவுக்கு வியாதிப்பட்டதையும், அவன் செத்துப்போயிருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். கவலை வந்ததாலேயே விசுவாசம் போய்விட்டது என்றால், முதலில் பவுலைத்தான் சபையிலிருந்து நீக்க வேண்டும்.

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையை இறக்கிவைத்து, கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு நடப்பார்கள். சுமையை அங்கேயே போட்டுவிட்டுப் போனவர் யாரும் இல்லை. அடுத்த கல் வரை தூக்க முடிந்தால் போதும். பள்ளிக் கட்டணம் கட்டி முடிக்கும் வரை அந்தக் கவலை உங்கள் வீட்டில்தான் இருக்கும். காலையில் இறக்கி வைத்ததை மத்தியானம் மறுபடி இறக்கி வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, எப்படி ஜெபிக்கிறீர்கள் என்பது. அசீரிய ராஜா மிரட்டி அனுப்பிய கடிதத்தை யூதாவின் ராஜா எசேக்கியா என்ன செய்தான் என்று 2 இராஜாக்கள் 19-இல் இருக்கிறது. வாசித்தான், ஆலயத்துக்குக் கொண்டுபோனான், கர்த்தருக்கு முன்பாக விரித்தான். நாம் "ஆண்டவரே, என் பாரங்களை எல்லாம் நீர் அறிவீர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்தக் கட்டணச் சீட்டை எடுத்து மேசையில் விரியுங்கள். 'ஆண்டவரே, 10-ஆம் தேதிக்குள் 18,000 ரூபாய். கையில் 7,000 இருக்கிறது. மீதிக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அண்ணனிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது' என்று அப்படியே சொல்லுங்கள்.

(அவரே மறுபடி எழுதியது) அவருக்குத் தெரியாத கணக்கா அக்கா? அதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

அவருக்குத் தெரியும். குறைவது 11,000 மட்டும்தான் என்பதும், அதிலும் பாதிப் பயம் அண்ணனிடம் கேட்பதில்தான் இருக்கிறது என்பதும் உங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

(இன்னொருவர் எழுதியது) மகளிர் குழுக் கடன் இரண்டு, நகைக்கடன் ஒன்று, தனியாக வாங்கியது ஒன்று. வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கிறார். என் கணவர் வங்கிக் கடிதத்தைப் பிரிப்பதே இல்லை. கேட்டால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ அவிசுவாசமாகப் பேசாதே" என்கிறார். ஒரு கூட்டத்தில் விதைப்புக் காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்றார்கள். கொடுக்கட்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில்: கொடுக்காதீர்கள். கடன்காரருக்குச் சேர வேண்டிய பணம் அது. இரண்டு காசு போட்ட ஏழை விதவையை மாற்கு 12-இல் வாசிக்கிறவர்கள், அதற்கு இரண்டு வசனம் முன்னால் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி இயேசு சொன்னதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இப்போது கடன். 2 இராஜாக்கள் 4-ஐ வீட்டுக்காரரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அந்த விதவையின் கணவன் கர்த்தருக்குப் பயந்தவன், தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன். அவனே கடன் வைத்துவிட்டுத்தான் செத்தான். பக்தி உள்ள வீட்டில் கடன் வராது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். கடன்காரன் இரண்டு பையன்களையும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் போய் அழுகிறாள். எலிசா உடனே கையை உயர்த்தி ஜெபிக்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அப்புறம் அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை, அதுவும் நிறைய, கேட்டு வாங்கச் சொல்கிறார். தெருவில் வீடு வீடாகப் பாத்திரம் கேட்டுப் போனால் என்ன ஆகும்? இவள் வீட்டில் என்னவோ கஷ்டம் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். எனக்கு இந்தக் கதையில் அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. எண்ணெய் பெருகுவதற்கு முன்னாலேயே அந்தக் கடன் இரகசியமாக இல்லாமல் போய்விட்டது. எண்ணெய் பெருகிய பிறகும் கடன் தானாகத் தீரவில்லை. போய் விற்று, கடனைக் கட்டி, மிச்சத்தில் பிழைத்துக்கொள் என்கிறார்.

ஆகவே ஒரு நோட்டில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, வட்டி என்ன, தவணை எந்த நாள். பிரிக்காத கடிதங்களை எல்லாம் பிரியுங்கள். வட்டி அதிகமான கடன் எது என்று பாருங்கள். தவணையைக் குறைத்து மாதங்களை நீட்டித் தர முடியுமா என்று கிளைக்கே போய்க் கேளுங்கள்; தவணை தவறுவதற்கு முன்னால் கேட்டால் மரியாதையாகப் பேசுவார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர வேண்டாம். நுண்கடனுக்கு, அதாவது ஈடு வாங்காமல் தரும் சிறு கடனுக்கு, ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதிகள் இருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் கொடுக்கவும் கூடாது. வாசலில் நிற்கிறவரிடம் இதைப் பயப்படாமல் சொல்லலாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் எனக்குக் கோபம் இல்லை. பெரும்பாலும் அது விசுவாசமும் இல்லை, அலட்சியமும் இல்லை, பயம். 'நான் பிரிக்கிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள்.

புத்தாண்டு ஆராதனையில், நல்ல எதிர்காலம் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை கிடைத்தது. பாதி வருடம் போய்விட்டது, வேலை கிடைக்கவில்லை.

தம்பி, அட்டையில் இடம் இல்லாததால் பத்தாம் வசனத்தை அச்சடிக்க மாட்டார்கள். அதில் எழுபது வருடம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. "சீக்கிரம் ஊர் திரும்பலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம் என்கிறார் எரேமியா. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபியுங்கள் என்கிறார். அட்டையைக் கிழிக்க வேண்டாம். அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு, நீங்கள் படித்த படிப்புக்குத்தான் வேலை வேண்டும் என்ற பிடிவாதத்தை மட்டும் கொஞ்சம் தளர்த்த முடியுமா என்று யோசியுங்கள்.

இரவு 2 மணிக்கு முழிப்பு வந்தால் விடியும் வரை தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. செத்துவிட்டால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. மருத்துவர் மாத்திரை எழுதினார். மாத்திரை போட்டால் கர்த்தரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?

ஆகாது. மாத்திரையைப் போடுங்கள்.

உங்களைப் போலவே செத்தால் தேவலை என்று கேட்டவர் எலியா தீர்க்கதரிசி. அவர் ஜெபித்து கர்மேல் மலையில் அக்கினி இறங்கி அதிக நாள் ஆகவில்லை, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, "போதும்" என்கிறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, பாவத்தை அறிக்கையிடச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்க விட்டான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மருந்தைப் பற்றி: வியாதியாய்க் கிடந்த எசேக்கியாவுக்கு 15 வருடம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகுதான், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் (கட்டியின்மேல்) போடச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி. வாக்கும் இருந்தது, பற்றும் போட்டார்கள். பவுலோடு கூடப் போன லூக்கா வைத்தியர். வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலோடு ஆரம்பித்த மருத்துவமனையில் ஜெபமும் உண்டு, மருந்துச் சீட்டும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாகலாம் என்று தோன்றுவதை மருத்துவரிடமும் வீட்டில் ஒருவரிடமும் இன்றைக்கே சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசு நடத்தும் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இதை வாசித்ததும் எனக்கு ஒரு வரி பதில் போடுங்கள் அம்மா.

கேஸ் சிலிண்டர் வரவேண்டும், பஸ்ஸில் இடம் கிடைக்கவேண்டும் என்றெல்லாம் ஜெபிக்கலாமா? என் மாமியார் சிரிக்கிறார்.

ஜெபிக்கலாம். அன்றன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்கச் சொன்னவர் அவர்தானே. உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டுச் சீஷருக்குக் காலைச் சாப்பாடு கொடுத்தவர், சிலிண்டரை அற்பமாக நினைக்க மாட்டார். இடம் கிடைத்தால் மட்டும், நிற்கிற கர்ப்பிணிக்குக் கொடுத்துவிடுங்கள்.

மகன் முதல் முறையாக வெளிநாட்டு வேலைக்குப் போகிறான். "ஒப்புக்கொடுத்துவிட்டால் பிறகு யோசிக்கவே கூடாது" என்று போதகர் சொல்கிறார். என்னால் முடியவில்லை.

மோசேயின் தாயாலும் முடியவில்லை ஐயா. நாணல் பெட்டிக்குப் பிசினும் கீலும் பூசினாள். தண்ணீர் ஒழுகாமல் பூச எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நதியோரத்து நாணலுக்குள்ளே வைத்தாள். அப்படியும் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று பார்க்க அக்காள்காரி தூரத்தில் நின்றாள். அந்தச் சிறுமி அங்கே நின்றதால்தான் பார்வோன் மகளிடம் பேசித் தாயையே பால் கொடுக்கக் கூட்டிவர முடிந்தது. நீங்களும் பூச வேண்டியதைப் பூசுங்கள். வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை வாசியுங்கள், சம்பளமும் விசா வகையும் சொன்னபடி இருக்கிறதா என்று பாருங்கள், பாஸ்போர்ட் நகல் வீட்டில் இருக்கட்டும், அங்கே தெரிந்தவர் ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள். போன் மட்டும் ஒரு நாளைக்கு ஒன்று போதும். அவனுக்கும் வேலை இருக்கும்.

இரண்டு வருடம் உபவாசித்து ஜெபித்தோம். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. "எல்லாம் நன்மைக்கே" என்கிறார்கள். இனி எதை நம்பி ஒப்புவிப்பது?

தங்கச்சி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகச் சொல்கிறவர்களிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளி இருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட விடியவில்லை. ஆனாலும் அதை வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு உங்களால் ஜெபிக்க முடியாவிட்டால் விடுங்கள். உங்களுக்காக நாங்கள் செய்கிறோம்.

ஜெபக்குழுவில் சொன்ன விஷயம் மூன்றாம் நாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

பாதி முடிவு சரி. குழுவில் சொல்லாதீர்கள், ஒருவரிடம் சொல்லுங்கள். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்றுதான் கலாத்தியரில் இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக் கதையை உங்களிடம் கொண்டுவராதவர் யார் என்று பாருங்கள், அவர்தான் ஆள். குழு நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: ஜெபக் குறிப்புகளை வாட்ஸாப்பில் பெயரோடு போடுவதை நிறுத்துங்கள். ஊர் வம்புக்கு "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று வால் வைத்தால் அது ஜெபக் குறிப்பு ஆகிவிடாது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அம்மாவுக்குக் கண் புரை, பார்வை மங்குகிறது. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார். வாதாடி அலுத்துவிட்டது.

வாதாட வேண்டாம் தம்பி. ஆபரேஷன் என்றால் அவருக்கு எது பயம் என்று கேளுங்கள். வலியா, செலவா, அன்றைக்கு வீட்டில் சமையல் யார் செய்வார் என்பதா? என் அனுபவத்தில் முக்கால்வாசி மூன்றாவதுதான். மயக்க ஊசி போட்டு உடம்பை முழுதாகத் தூங்க வைப்பதில்லை, கண்ணை மட்டும் மரக்க வைப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லுங்கள். நாள் குறித்ததும் சபையின் போதகரை வந்து ஜெபித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அம்மா தைரியமாக வண்டியில் ஏறுவார். மருத்துவமனைக்கு நீங்களே கூடப் போங்கள். சொட்டு மருந்து விடும் நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.