கைவிரல் அசையாத தம்பியிடம் மருந்துப் பொறுப்பை விடலாமா?

‘தம்பிக்கு முதுகுத்தண்டில் அடி, விரல் அசையாது, மாத்திரையெல்லாம் அம்மாதான் கொடுக்கிறார், அவனையே பார்த்துக்கொள்ளச் சொன்னால் ஆபத்தா’ என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. எனக்கும் கழுத்தில்தான் அடி, சி6, அதாவது கழுத்துப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது. இரண்டு வருடம் அம்மா நீட்டியதை வாய் திறந்து விழுங்கியவன் நான், எது எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்புறம் அம்மா ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போனார். தசை விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை தீர்ந்துபோனது பணிப்பெண்ணுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி கால் இரண்டும் கட்டையாக விறைத்துத் துள்ளுகின்றன, நானோ சிறுநீர்த் தொற்று என்று நினைத்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறேன்! அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பது அவசரப் பிரிவில்தான் தெரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் பெயரும் அளவும் சொல்லச் சொல்ல, பணிப்பெண் அட்டையிலிருந்து பிதுக்கிப் பெட்டியில் போடுவார். பேக்லோஃபென் மூன்று வேளை, நரம்பு வலிக்கு பிரிகாபலின், சிறுநீர்ப்பைக்கு ஆக்ஸிபியூட்டினின், மலச்சிக்கலுக்கு ராத்திரி சென்னா. மூடியில் ஒட்டிய ரப்பர் வளையத்தில் கட்டைவிரலை நுழைத்து இழுப்பேன். மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தானாக மடங்கும், அந்தப் பிடியில்தான் மாத்திரை வாய்க்குப் போகும். பாதி நாள் நழுவி மெத்தைக்கடியில் ஓடிவிடும், அதனால் மடியில் ஒரு தட்டு. பத்து நாளைக்குத்தான் இருக்கிறது என்றால் நானே போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.

அம்மாவை ஒதுக்கச் சொல்கிறான் என்று சண்டைக்கு வராதீர்கள். அளவை மாற்றவும் சொல்லவில்லை, அது டாக்டர் வேலை. ஆனால் டி6 (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது) அல்லது அதற்கு மேலே அடிபட்டவருக்கு கதீட்டர், அதாவது சிறுநீர்க் குழாய், அடைத்தாலே ரத்த அழுத்தம் எகிறித் தலைவலி மண்டையைப் பிளக்கும். ‘நிமிர்த்தி உட்கார வை, குழாய் மடங்கியிருக்கிறதா பார்’ என்று பக்கத்தில் யார் இருந்தாலும் தம்பியே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மருந்து முகப்புக்கு அவனைக் கூட்டிப்போங்கள். அங்கே இன்னொரு கூத்து நடக்கும். மருந்தாளர் என் தலைக்கு மேலே பணிப்பெண்ணைப் பார்த்து, ‘அங்கிளுக்கு இதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்க’ என்பார். மருந்துச்சீட்டு என் மடியில் இருக்கும்! எங்கள் புளோக் லிஃப்டிலும் இதே கதை. எனக்கு 41 வயது, காலையில் அலுவலக வேலையாகக் கணினியில் நாலு பேரோடு பேசிவிட்டு இறங்குகிறேன், பக்கத்து வீட்டுக்காரர் பணிப்பெண்ணிடம் கேட்கிறார், ‘இவர் சாப்பிட்டாரா?’