"பிறகு பாப்பம் ரீச்சர்"

கேள்வி: தரம் 9 பிள்ளைகள் சேர்ந்து எழுதும் வலைப்பூ ஒன்றை ஆரம்பிக்க அதிபரிடம் கேட்டேன். "நல்ல விசயம், பிறகு பாப்பம் ரீச்சர்" என்று இரண்டு தவணையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் அவர் கணினி நன்றாகத் தெரிந்தவர். – ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: தெரிந்தபடியால்தான் தயங்குகிறார். பிள்ளை எழுதிய ஒரு வரியை யாரோ ஸ்கிரீன்ஷொட் எடுத்து முகநூலில் போட்டால், வலயக் கல்விப் பணிமனை விளக்கம் கேட்கப்போவது உங்களிடமல்ல, அவரிடம். நீங்கள் வலைப்பூவின் பயனைச் சொல்லியிருப்பீர்கள். அவர் மனதில் ஓடுவது 'பொறுப்பு யாருக்கு' என்பது. ஒரே பக்கத்தில் மூன்று விடயங்களை எழுதிக் கொடுங்கள்: யார் பார்க்கலாம், வெளியிட முன் யார் வாசிப்பார், எந்தத் திகதியில் மூடப்படும். மூன்றாவதைப் பலர் எழுதுவதில்லை. முடிவுத் திகதி உள்ள வேலைக்கு அதிபர்மார் லேசில் கையெழுத்து வைப்பார்கள்.

கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. பின்னூட்டங்களுக்கு மட்டுறுத்தலை (நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளிவரும் ஏற்பாட்டை) போட்டுவிட்டு, எல்லாம் பூட்டியாயிற்று என்று நினைப்பது. அது பின்னூட்டத்தை மட்டும்தான் தடுக்கும். பிள்ளையைப் பதிவு எழுதுபவராகச் சேர்த்துவிட்டால், உங்களைக் கேட்காமலே அது பதிவை வெளியிடலாம். ஆகவே எழுதுவது கூகுள் டொக்ஸில், பதிவேற்றுவது நீங்கள் என்று வையுங்கள். டொக்ஸிலும் 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்று விடக்கூடாது. கணக்கில் நுழையாமல் எழுதுபவர் ஏதோ ஒரு மிருகத்தின் பெயரில் தெரிவார், ஆளைப் பிடிக்க முடியாது. ஒவ்வொருவரையும் மின்னஞ்சல் முகவரியால் சேர்த்தால், எந்த மாற்றத்தை யார் எப்போது செய்தார் என்பது பதிப்பு வரலாற்றில் நிற்கும். அதை அதிபரின் மேசையில் திறந்து, அழிக்கப்பட்ட ஒரு வசனத்தை அவர் கண்முன்னே திரும்ப எடுத்துக் காட்டுங்கள். முன்மொழிவு எழுதுவதைவிட இது கெதியாக வேலை செய்யும்.

தரம் 6, 7 என்றால் கதை வேறு. 13 வயது நிரம்பாத பிள்ளை தானாகக் கூகுள் கணக்குத் திறக்க முடியாது. வகுப்புக்கு ஒரு கணக்கு வைத்தால் வரலாற்றில் ஒரே பெயர்தான் விழும். பந்தி முடிவில் குழு இலக்கத்தை எழுதப் பழக்குங்கள்.

கேள்வி: பங்கேற்பு ஊடகம் (வலைப்பூ, முகநூல் போல வாசிப்பவரும் எழுதக்கூடிய ஊடகம்) பற்றி அதிபர்களின் மனப்பாங்கை ஆராய்கிறேன். முன்னோடி வினாக்கொத்தில் எல்லோரும் 'மிகவும் உடன்படுகிறேன்' என்றே அடையாளமிட்டிருக்கிறார்கள். – கல்வியியல் முதுமாணி மாணவர், திருநெல்வேலி

பதில்: 'சமூக ஊடகம் கற்றலுக்கு உதவும்' என்று கேட்டால் எந்த அதிபர் இல்லை என்பார்? செய்ததைக் கேளுங்கள்: கடந்த 30 நாளில் மாணவர் படைப்பு எதையாவது இணையத்தில் திறந்து வாசித்தீர்களா? கணினி அறை எந்தெந்தப் பாடங்களுக்குக் கொடுக்கப்பட்டது? ஒரு சம்பவத்தையும் வையுங்கள்: 'கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று ஒரு மாணவி வகுப்பு வலைப்பூவில் எழுதியிருக்கிறாள். அழிப்பீர்களா, ஆசிரியரை அழைப்பீர்களா, அதன் கீழே பதில் எழுதுவீர்களா?' உண்மையான மனப்பாங்கு அங்கேதான் தெரியும். எதிர்மறைக் கூற்றுகளும் கலந்திருக்கட்டும். ஆனால் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் குரொன்பாக் அல்பாவைக் கணிக்க முன் அவற்றின் புள்ளிகளைத் திருப்பிப் போட (5ஐ 1 ஆக, 4ஐ 2 ஆக) மறந்தால் பெறுமானம் விழுந்துவிடும். வினாக்கொத்தே பிழை என்று பிறகு தலையில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இரவு 11 மணிக்கும் வாக்குவாதம். கலைத்துவிடலாமா? – அதிபர், வடமராட்சி

பதில்: கலைத்தால் நீங்கள் இல்லாத இன்னொரு குழு அடுத்த நாளே முளைக்கும். குழு அனுமதிகளுக்குள் போய், செய்தி அனுப்புவதை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். வெள்ளி மாலை 6 முதல் 8 வரை மட்டும் திறந்துவிடுங்கள், அந்த நேரம் நீங்களும் இருங்கள். முழு நேரமும் பூட்டி வைத்தால் அது வெறும் அறிவித்தல் பலகை. இரண்டு அட்மின்களாவது தேவை. ஒரே அட்மின் இடமாற்றம் கிடைத்து வெளியேறினால், வாட்ஸ்அப் உறுப்பினர் ஒருவரைத் தானாகவே அட்மின் ஆக்கிவிடும். அது யாராகவும் இருக்கலாம்.

கேள்வி: வகுப்பில் இணையவேலை கொடுக்கிறார்கள். வீட்டில் ஒரு போன்தான், அதுவும் கணவர் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். மகளுக்குப் புள்ளி குறையுமா? – தாய், வேலணை

பதில்: குறையக்கூடாது. இணையவேலை பாடசாலை நேரத்தில், கணினி அறையில் நடக்க வேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத விடலாமா? – வரலாற்று ஆசிரியர், சுன்னாகம்

பதில்: தாராளமாக. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கத்தில் கட்டி வளர்த்தவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன்; இதை அதிபரிடமும் சொல்லலாம். ஆனால் 30 பிள்ளைகளையும் ஒரே பாடவேளையில் கணக்குத் திறக்க வைக்காதீர்கள். ஒரே இணைய இணைப்பிலிருந்து நாளொன்றுக்கு 6 புதிய கணக்குகளுக்குத்தான் வழமையாக இடம். ஏழாவது பிள்ளைக்குப் பிழைச்செய்தி வரும். முதல் வாரமே நாளுக்கு ஆறாகத் திறந்து வையுங்கள். முதலில் மணல்தொட்டி எனும் பயிற்சிப் பக்கத்தில் எழுதட்டும். பாடநூலிலிருந்து அப்படியே இறக்கியது பதிப்புரிமை காரணமாக நீக்கப்படும். சொந்தமாக எடுத்த படம் நிற்கும்.

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைப் பற்றி எழுதும் பிள்ளை 'அடி காணமுடியாத கிணறு' என்றுதான் தொடங்கும். 'சான்று தேவை' என்று யாராவது குறி போட்டால் நீங்கள் போய் அந்தக் குறியை அழித்துவிடாதீர்கள். பழைய நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைக் காட்டிவிட்டு, பிள்ளையைத் தேட விடுங்கள்.