அப்பாவுக்கு வந்த இரைப்பைப் புற்றுநோய் எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 43 வயது. என் அப்பா சென்ற ஆண்டு இரைப்பைப் புற்றுநோயால் காலமானார். அவருக்குப் புகையோ மதுவோ பழக்கமில்லை. நெஞ்செரிச்சலுக்கு மட்டும் அவராகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். அவர் போன பிறகு நான் காரத்தை அறவே விட்டுவிட்டேன். தினமும் பூண்டு மாத்திரையும் கிரீன் டீயும் எடுத்துக்கொள்கிறேன். தம்பியோ, "வருவது வரட்டும், விடுங்கள் அக்கா" என்கிறான். உணவில் நான் இன்னும் என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

பதில்: பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால், மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது என்பதால், உங்கள் அச்சத்தை வீண் என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறே நேரடிக் காரணமாக அமைவது மிகச் சிலருக்குத்தான். பெரும்பாலான குடும்பங்களில் பகிர்ந்துகொள்ளப்படுவது ஒரே வீட்டுச் சாப்பாடும், அதைவிட முக்கியமாக, ஒரே கிருமியும்தான். எனவே உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன், எச். பைலோரி சோதனை செய்துகொண்டீர்களா என்று உங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டில் உள்ளவர்களிடமிருந்து தொற்றி, மருந்து கொடுத்து ஒழிக்காவிட்டால் பல பத்தாண்டுகள் இரைப்பைச் சுவரில் தங்கிவிடுகிறது. வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையும் அமிலமுமே காரணம் என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1982இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இதைக் கண்டறிந்தார்கள். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே இதைப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தொற்று உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருபவர்களுக்கும் அது ஒரே நாளில் வருவதில்லை: நாள்பட்ட அழற்சியால் இரைப்பையின் உட்சவ்வு மெலிந்து, பிறகு குடலின் சவ்வைப் போல உருமாறி, பல ஆண்டுகள் கழித்தே சிலருக்குப் புற்றாகிறது. இடைப்பட்ட அந்த நீண்ட காலம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

தென்கொரியாவில், உங்களைப் போலவே நெருங்கிய இரத்த உறவில் இந்நோயைக் கண்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. கிருமிக்கு மருந்து பெற்றவர்களில் சுமார் ஒன்பது ஆண்டுகளில் 1.2 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கும் இரைப்பைப் புற்றுநோய் வந்தது. எந்த உணவு மாற்றத்துக்கும் இவ்வளவு தெளிவான சான்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சோதனை எளிது. யூரியா கலந்த கரைசலைக் குடித்துவிட்டுச் சற்று நேரம் கழித்து ஒரு பையில் ஊத வேண்டும். அந்த யூரியாவில் இருப்பது அடையாளமிட்ட கார்பன். கிருமி இருந்தால் அது யூரியாவைச் சிதைப்பதால், அந்த அடையாளத்தோடு கூடிய கார்பன் டை ஆக்சைடு உங்கள் மூச்சில் வெளிப்படும். மலப் பரிசோதனையிலும் கண்டுபிடிக்கலாம். ஒமெப்ரசோல், பான்டொப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளைச் சாப்பிடுபவராக இருந்தால், மருத்துவரிடம் சொல்லி இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். தொற்று உறுதியானால் வழக்கமாக 14 நாள் மருந்து. பாதியில் நிறுத்தினால் கிருமி பிழைத்துக்கொள்ளும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரங்கள் கழித்து மறுபடி சோதித்து, அது ஒழிந்ததா என்று பார்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இனி உணவு. நீங்கள் காரத்தை விட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் உப்பைக் குறைத்திருப்பேன். மிகுதியான உப்பு இரைப்பையின் உட்சவ்வைப் புண்படுத்திக் கிருமியின் வேலையை எளிதாக்குகிறது. உப்பிட்டு உலர்த்திய மீன், உப்பில் ஊறிய காய்கறி ஆகியவை அன்றாட உணவாக இருக்கும் மக்களிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. குளிர்சாதனப் பெட்டி பரவி, உப்பிட்டுப் பாதுகாக்கும் தேவை குறைந்த இடங்களில் நோயும் குறைந்தது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு, போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பாக்கெட் உணவுகளில் உப்பு என்று எழுதாமல் சோடியம் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்குங்கள். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால், உள்ளே இருப்பது 2 கிராம் உப்பு.

நைட்ரைட் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சியைத் தவிர்த்துவிடுங்கள். பழமும் காய்கறியும் நிறையச் சாப்பிடுங்கள். பூண்டு சமையலில் இருக்கட்டும், மாத்திரையாக வேண்டாம். கிரீன் டீ பிடித்தால் குடியுங்கள், காவலுக்கு என்று குடிக்க வேண்டாம். அளவான காரத்தை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். புகையிலையும் மதுவும் இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுபவை. உடல்பருமன், உணவுக்குழாயை ஒட்டிய இரைப்பையின் மேல்பகுதியில் வரும் புற்றுநோயோடு தொடர்புடையது.

இரைப்பை, குடல் மருத்துவரிடம் போகும்போது அப்பாவின் பயாப்சி அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். அவருக்கு நோய் 50 வயதுக்குள் வந்திருந்தாலோ, அது 'பரவல் வகை' (diffuse type) என்று எழுதியிருந்தாலோ மரபணுச் சோதனையைப் பற்றி அவசியம் கேளுங்கள். உங்களுக்கு எண்டோஸ்கோபி தேவையா என்பதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும். உட்சவ்வு ஏற்கெனவே உருமாறியிருந்தால், கிருமியை ஒழித்த பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தம்பிக்கும் இதே சோதனை தேவை என்பதால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். காரணமின்றி எடை குறைதல், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், விழுங்குவதில் சிரமம், ஓயாத வாந்தி, கறுப்பாக மலம் போதல், விளங்காத இரத்தசோகை ஆகியவற்றில் ஏதேனும் உங்கள் இருவரில் யாருக்கு இருந்தாலும், மூச்சுச் சோதனைக்காகக் காத்திராமல் நேராக எண்டோஸ்கோபிக்கே போக வேண்டும்.