அடிக்குப் பிறகு வரும் காதல்: அக்காவிடம் கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் எடுத்துக்கொண்டது, கொடுமைக்காரக் கணவனை விட்டு வந்தவளுக்கு மறுபடி காதல் வரும் நாவல்கள். வக்கீல் ஆபீஸில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவள் நான். நாவல் பைத்தியம் அதற்கும் முன்பிருந்தே. கேளுங்கள்.

நல்ல நாவல் என்று எதை வைத்துச் சொல்வது, அக்கா?

நான் காதலனைப் பார்ப்பதில்லை, அவளைத்தான் பார்ப்பேன். சின்ன வயதில் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பக்கத்து வீட்டு அக்கா, திருப்பத்தில் புருஷனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதே அன்றைக்கு எவ்வளவு சம்சு சாராயம் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி எங்கள் அம்மா கையில் கொடுப்பார். விவாகரத்துத் தாள் கைக்கு வந்தாலும் அந்தக் காது மாறாது. எழுதத் தெரிந்தவர் அதை எழுதுவார். புது வீட்டில் தட்டு ஒன்று கீழே விழுகிறது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் அவள் மன்னிப்புக் கேட்டுவிடுகிறாள். இப்படி ஓர் இடம் வந்தால் மேலே படிப்பேன். புதியவன் தோளைத் தொட்டதுமே பழையதெல்லாம் மறந்துபோனால் மூடி வைத்துவிடுவேன்.

இன்னொன்று, அவன் வருவதற்கு முன்னால் அவள் கையில் என்ன இருக்கிறது? ஒரு வேலை, வாடகை அறைச் சாவி, தன் பெயரில் வங்கிக் கணக்கு? எதுவும் இல்லாமல் நேராக அவன் காரில் ஏறினால், தோட்டம் கைமாறி முதலாளி மாறின கதைதான் அது. பின்னட்டையை நம்பாதீர்கள், அங்கே எல்லாரும் அன்பானவர்கள்தான்.

கடைசியில் சேருவார்களா?

காதல் நாவல், அம்மா. சேருவார்கள்.

தாலியைக் கழற்றி வீசிவிட்டு அடுத்த மாதமே மறுமணம் செய்கிறாளே, நம் நாட்டில் முடியுமா?

முடியாது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் விவாகரத்துக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டுமென்றால், தாங்க முடியாத கஷ்டம் என்று காட்டித் தனி அனுமதி வாங்க வேண்டும். விவாகரத்து கிடைத்தாலும் முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. அது உறுதியாவதற்கு வழக்கமாக மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதக் காத்திருப்பை விடக் காதல் கதைக்கு வேறென்ன வேண்டும்? நம் எழுத்தாளர்கள் அதை வீணடிக்கிறார்கள்.

பிடிஎஃப் இருக்கா அக்கா?

இல்லை. காசு கொடுத்து வாங்குங்கள்.

ஆன்டி ஹீரோ முதலில் அறைந்தாலும் அப்புறம் உருகுகிறானே. கற்பனைதானே?

முதல் புருஷன் ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தால் கொடுமை, இவன் பிடுங்கிப் பார்த்தால் அக்கறை. இரண்டும் ஒரே புத்தகத்தில்! பின்னட்டையில் மட்டும் ‘காயத்துக்கு மருந்தான காதல்’.

நாங்கள் படிப்பதைக்கூடப் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும் தண்டல் மாதிரி மேற்பார்வை பார்ப்பீர்களா?

கோபம் வேண்டாம். ராத்திரி இரண்டு மணி வரை அதே கதைகளைப் படித்தவள்தான் நானும். படிக்காதே என்று எங்கே சொன்னேன்? அடிக்குத் தப்பி வந்தவளின் கதை என்று சொல்லி அடிக்கிறவனையே பரிசாகக் கொடுக்காதே என்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அதனால்தான் அந்த மாதிரிக் கதையைப் பயமில்லாமல் ரசிக்க முடிகிறது.

இது நான் யோசிக்காத பக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடி வாங்கினவர் கையிலும் அதே புத்தகம் போகும். முன்பக்கத்தில் ஒரு வரி எச்சரிக்கை போட்டால் எனக்குச் சண்டையில்லை.

சேருவார்களா, மாட்டார்களா?

மேலே பாருங்கள்.

கதை இல்லை அக்கா, என் தங்கை. நாவலில் வருகிற மாதிரி ராத்திரியோடு கிளம்பி வரச் சொல்லவா?

ஆபத்து உடனே என்றால் 999. மற்றபடி தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவி எண் 15999, எந்த நேரமும் எடுப்பார்கள். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, 7 நாள் செல்லும். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இப்போதே உங்கள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கிளம்பும் நாள் அவனுக்குத் தெரியக் கூடாது.

இன்றைக்கு மற்றவர்களுக்கு இவ்வளவுதான். தங்கைக்காகக் கேட்டவர் மட்டும் எனக்குத் தனியாக எழுதுங்கள்.