கண்ணாடியில் மோதிய ஆறுமணிக்குருவி – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

நேற்றுக் காலை எங்கள் மாடி ஜன்னல் கண்ணாடியில் மோதி ஓர் ஆறுமணிக்குருவி செத்துப்போனது. அத்தனை நிறங்களையும் மண்ணில் புதைக்க மனசு வரவில்லை. பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். வெண்காரமும் பஞ்சும் வாங்கி, வீடியோ பார்த்து நானே கெட்டுப்போகாமல் பாடம் பண்ணி மகளின் பள்ளிக்குக் கொடுக்கலாமா? அருங்காட்சியகங்களில் செத்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, கேமரா வந்த பிறகும் அது எதற்கு?

– ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு உடனே எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, செத்துக் கிடந்த காட்டுப் பறவையும் அரசின் உடைமை. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் நீங்களே பாடம் பண்ணக் கூடாது.

பள்ளிக்கூட அலமாரியில் கண்ணாடிக் கண்ணோடு கிளையில் நிற்பது காட்சிக்கான பறவை. ஆராய்ச்சிக்கானது வேறு மாதிரி இருக்கும். நெஞ்சின் நடுவிலிருந்து கீழே ஒரு கீறல் போட்டு, ரத்தமும் கொழுப்பும் இறகில் படாமல் மக்காச்சோள மாவைத் தூவிக்கொண்டே தோலைக் கழற்றுவார்கள். அலகு, மண்டையோடு, சிறகெலும்பு, கால் இவை தோலோடு தங்கும். மூளை, கண், சதை எல்லாம் வெளியே போகும். கொழுப்பைச் சுரண்டும் வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். கொஞ்சம் மிச்சம் விட்டாலும் அது வருஷக்கணக்கில் கசிந்து தோலை அரித்துவிடும். அப்புறம் குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே வைத்துத் தைத்து, மல்லாக்கப் படுக்கவைத்து உலர்த்துவார்கள். கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு மட்டும் தெரியும்.

கடைசியாகக் காலில் ஒரு சீட்டுக் கட்டுவார்கள். எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது, எடை, கண்ணின் நிறம், வயிற்றில் என்ன இருந்தது, ஆணா பெண்ணா. ஆறுமணிக்குருவியில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். உடலைத் திறந்து, விரையா சூலகமா என்று பார்த்து எழுதுவார்கள். என்னைக் கேட்டால், பாதி மதிப்பு அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

சீட்டு பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குக் ஒரு சிற்றாந்தையின் கதை போதும். மத்திய இந்தியக் காடுகளில் வாழும் அந்தக் காட்டுச் சிற்றாந்தையை 1884க்குப் பிறகு யாரும் சேகரித்ததில்லை. மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மட்டும் 1914இல் குஜராத்தில் ஒன்றைப் பிடித்ததாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். பமேலா ராஸ்முசன் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் அந்தத் தோலை ஆராய்ந்தார். பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்திருந்தார்கள். ஆனாலும் 1880களில் சேகரித்த ஜேம்ஸ் டேவிட்சனின் கைப்பழக்கம் உள்ளே மிச்சமிருந்தது. மைனர்ட்ஸ்ஹாகன் அதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் திருடி, ஊரையும் தேதியையும் மாற்றியிருக்கிறார்! குஜராத் சீட்டைத் தள்ளிவிட்டு, பழைய நேர்மையான சீட்டுகள் சொன்ன பக்கம் தேடிப் போனார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, பட்டப்பகலில் அந்த ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் தோலுரித்த விதம் அதற்கு வழிகாட்டியது என்பதை நினைக்க எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கேமரா போதாதா என்று கேட்டீர்கள். போட்டோவை எடை போட முடியாது. பிரிட்டனில் பைரி வல்லூறு குறைந்துகொண்டே வந்தபோது, டெரெக் ராட்க்ளிஃப் என்ற ஆய்வாளர் பழைய முட்டைச் சேகரிப்புகளை அளந்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்திருப்பதை 1967இல் காட்டினார். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி புழக்கத்துக்கு வந்த காலம் அது. அந்த முட்டைகளைச் சேர்த்தவர்களில் பலர் டிடிடி என்ற பெயரையே கேட்டிராதவர்கள்.

இதற்காக இன்றும் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். உங்கள் சேர்வராயன் மலையிலும் 1929 வாக்கில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளை ஆராய வந்த வெர்னே ஆய்வுக் குழு பறவைகளைச் சுட்டுச் சேகரித்தது. அந்தத் தோல்களை நாம் மதிக்க வேண்டும். அந்த முறையைத் தொடர வேண்டியதில்லை. கண்ணாடியும் மின்கம்பியும் வாகனமும் கொல்கிற பறவைகளைக் குப்பையில் போடாமல் இருந்தாலே பெரிய காரியம்.

சரி, உங்கள் பறவை. வாயில் துளி பஞ்சு வைத்து, இறகை நீவி, அலகும் வாலும் மடங்காதபடி காற்றுப் புகாத பையில் வையுங்கள். நாள், நேரம், ஊர், கண்ணாடியில் மோதியது என்பதைப் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ, சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்துக்கோ கொடுக்க முடியுமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அந்த ஜன்னலின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளி ஸ்டிக்கர்களை இன்றே ஒட்டிவிடுங்கள். வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவிகள் வந்து இறங்கும் பருவம் இன்னும் முடியவில்லை.