பிள்ளை போதைக்கு அடிமையானால் பெற்றோருக்கு என்ன நேர்கிறது? அவர்கள் என்ன செய்யலாம்?

என் அண்ணன் பல ஆண்டுகள் போதைப்பொருளின் பிடியில் இருந்தான். அக்காலத்தில் அவனைவிட என் பெற்றோரையே நான் அதிகம் கவனித்தேன் என்பதால், தங்கையாக நின்று கண்டதையும் பின்னர் படித்து அறிந்ததையும் வைத்து இக்கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

இத்தகைய வீட்டில் துக்கம்தான் நிறைந்திருக்கும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். நான் முதலில் கண்டது துக்கத்தை அன்று, ஓயாத கண்காணிப்பை. அவன் வாசலில் காலை வைத்ததும் அம்மாவின் பார்வை அவன் கண்களுக்குச் செல்லும். குளியலறையில் எவ்வளவு நேரம் இருக்கிறான் என்பதை அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணக்கிடுவார். இரவில் கைப்பேசி ஒலித்தால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்வார்கள். அவன் தெளிவாக இருந்த வாரங்களிலும் இந்த விழிப்பு தளரவில்லை. இப்படியே நீடித்தால் தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, மனச்சோர்வு நிலைத்துவிடுகிறது.

அடுத்ததாகப் பெற்றோருக்கு இடையில் பிளவு விழுகிறது. கடன் கொடுத்தவர்கள் அடிக்க வருகிறார்கள் என்று அவன் அழுதபோது அம்மா பணம் கொடுத்தார்; அப்பாவோ வீட்டைவிட்டு வெளியேற்றினால்தான் புத்தி வரும் என்றார். இருவரும் பிள்ளையைக் காப்பாற்றவே முயன்றார்கள், ஆனால் மற்றவர்தான் அவனைக் கெடுக்கிறார் என்று இருவருமே நம்பினார்கள். (அவ்வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருந்தாள் என்பது அப்போது யாருக்கும் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை, அதைத் தனியாகவே எழுத வேண்டும்.)

பிள்ளைக்கு வேறு நோய் வந்தால் உறவினர்கள் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். இந்த நோய்க்கு மட்டும் 'வளர்ப்பு சரியில்லை' என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறார்கள். அடிமையாகும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி மரபுக்கூறுகளைச் சார்ந்தது என்றும், தீர்மானம் எடுக்க உதவும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுமையாக முதிர்கிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே எல்லாப் பழியையும் வளர்ப்பின்மேல் போடுவது நியாயமன்று. ஆயினும் பெற்றோர் அப்பழியை ஏற்றுக்கொண்டு, திருமணங்களுக்குப் போவதையும் நண்பர்களோடு பேசுவதையும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். உடலால் அருகிலேயே இருந்தும் மனத்தால் காணாமற்போன ஒருவரை இழக்கும் துயரத்தைக் குடும்பவியல் அறிஞர் பாலின் பாஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்த இழப்புக்குச் சடங்கும் இல்லை, முடிவும் இல்லை என்பதே அதன் கொடுமை.

மறுவாழ்வு மையத்திலிருந்து பிள்ளை திரும்பியபின் எழும் அச்சமும் வீண் கற்பனையன்று. சில வாரங்கள் விலகியிருந்த உடலில் தாங்கும் திறன் குறைந்துவிடுவதால், ஹெராயின் போன்ற அபினி வகைப் பொருளைப் பழைய அளவிலேயே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்று இறக்க நேரிடும். அவ்வகைப் பழக்கம் உள்ள வீட்டார், அளவு மீறிய அபினி வகைப் பொருளின் விளைவை முறித்து மூச்சை மீட்க உதவும் நலோக்சோன் மருந்தை, கிடைக்குமானால், வைத்திருப்பது பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பிள்ளை திருந்தட்டும், பிறகு எங்களைப் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் பெரும்பாலான பெற்றோர் சொல்கிறார்கள். இந்த வரிசை தவறு என்பது என் உறுதியான கருத்து. சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் நெருங்கியவர்கள் 130 பேரை வைத்து வில்லியம் மில்லர், ராபர்ட் மேயர்ஸ் உள்ளிட்டோர் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. எல்லோரும் கூடி நேருக்கு நேர் வற்புறுத்தும் முறையில் 30 விழுக்காட்டு நோயாளிகளே சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தாருக்கே பயிற்சி அளித்த முறையில் 64 விழுக்காட்டினர் வந்தார்கள். தெளிவாக இருக்கும் வேளையில் பிள்ளையோடு அன்பாகப் பொழுதைக் கழிப்பது, போதையில் இருக்கும்போது சண்டையின்றி விலகிக்கொள்வது, அவன் செயலின் விளைவை அவனுக்காகச் சுமக்காதிருப்பது, சிகிச்சையைப் பற்றிப் பேசத் தக்க தருணத்தை அறிவது, தம் வாழ்க்கையைத் தாமே மீட்டெடுப்பது ஆகியவை அப்பயிற்சியின் கூறுகள். என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொன்று: எந்த முறையில் உதவி பெற்றிருந்தாலும் குடும்பத்தாரின் மனநிலை ஏறத்தாழ ஒரே அளவில் மேம்பட்டிருந்தது.

எனவே பிள்ளை வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் ஓர் ஆலோசகரையோ குடும்பத்தார் கூடும் ஆதரவுக் குழுவையோ நாடலாம். அதற்கு அவனுடைய சம்மதம் தேவையில்லை. முடிந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுங்கள். பணம் கேட்டால் என்ன பதில், நள்ளிரவில் வந்தால் கதவைத் திறப்பதா, கைநீட்டினால் யாரை அழைப்பது என்ற மூன்றையும் அவன் இல்லாத வேளையில் இருவரும் பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள்.